1990ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் வன்னி எவ்வளவு குறைக்க வேண்டும்?

கேள்வி: பரந்தன் வாசகர், 2025 மார்ச் 11

அமெரிக்கா பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து திரும்பவும் விலகுகிறது. போன மாதம் அதானியும் மன்னார், பூநகரிக் காற்றாலைகளைக் கைவிட்டுப் போய்விட்டது. பெரிய நாடுகள் புகை விடும், எங்களைக் குறைக்கச் சொல்லும், வருடத்துக்கு ஒரு ஊரில் கூடிச் சாப்பிட்டுப் பிரியும். இதற்குச் சர்வதேச ஒத்துழைப்பு என்று பெயர். கிளிநொச்சியில் இருக்கிற ஒருவனுக்கு இதனால் எதுவும் மாறியது என்று யாராவது ஆதாரத்தோடு சொல்லட்டும்.

மார்ச் 11, இரவு

ஆதாரம் என் கடைக்குள்ளேயே கிடக்கிறது. பிறிட்ஜ், ஏசி திருத்துவது என் தொழில். நான் வேலை பழகின காலத்தில் ஒரு பழைய பிறிட்ஜ் வந்தால், செப்புக் குழாயை வெட்டி உள்ளே மிச்சமிருக்கிற காஸை உஸ்ஸென்று வெளியே விட்டுவிட்டுத்தான் கையை வைப்போம். அது பெரும்பாலும் ஆர்12. ஒரு கிலோ ஆர்12 நூறு வருடக் கணக்கில் பத்தாயிரம் கிலோ காபனீரொட்சைட்டுக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் காஸைப் பிடித்து வைக்க ஒரு சாமானும் இல்லை.

இன்று ஆர்12 கேட்டு ஒருவரும் வருவதில்லை, வந்தாலும் கொடுக்க இல்லை. ஓசோன் படையைக் காக்க 1987இல் மொன்றியலில் போட்ட ஒப்பந்தம் அதை உலகம் முழுக்க நிறுத்தியது. கடைசியில் ஒரு நாடு மிச்சமில்லாமல் எல்லாரும் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் அது.

ஏன் நடந்தது என்பதுதான் முக்கியம். ஏழை நாடுகளுக்குப் பத்து வருடம் தவணை கொடுத்தார்கள். 1991இலிருந்து ஒரு பொது நிதி ஓடியது, அது கடன் அல்ல, கொடை. ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற நாட்டோடு அந்தச் சாமான்களில் வியாபாரம் செய்யத் தடை. தவணை, காசு, பூட்டு, மூன்றும் ஒன்றாக வந்தன. அந்தக் காசில் ஒரு துளி பயிற்சி வகுப்பாகவும் காஸைத் திரும்ப எடுக்கிற மெஷினாகவும் எங்களைப் போன்ற மெக்கானிக் வரைக்கும் இறங்கியது. பரந்தன் அண்ணை கேட்ட ஆதாரம் இதுதான்.

மார்ச் 12

"ஓசோன் வேறு, வெப்பமாதல் வேறு, போட்டுக் குழப்பாதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேறுதான். ஆனால் ஓசோனைத் தின்கிற அதே காஸ்தான் வெப்பத்தையும் பிடித்து வைக்கிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தில் காபனீரொட்சைட்டைப் போல ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. அதனால்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, அதையும் அதே மொன்றியல் ஒப்பந்தத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் வரிசை நாடுகளுக்கு 2024இல் அளவை உறைய வைத்து, 2045க்குள் 80 வீதம் குறைக்க வேண்டும். இந்தியா இருக்கிற வரிசை நான்கு வருடம் பிந்தி, 2028இல்தான் உறையத் தொடங்கும். கேட்டு வாங்கின தவணை அது.

இப்போது வருகிற சின்ன பிறிட்ஜ்களில் ஆர்600ஏ. ஐம்பது அறுபது கிராம்தான் ஏற்ற வேண்டும், தராசில் நிறுத்து ஏற்றுவோம். எரியும் காஸ். குழாய்க்குள் கொஞ்சம் மிச்சம் நிற்க நெருப்பைப் பிடித்தால் மீசை போகும். போனவர்களைத் தெரியும்.

மார்ச் 15

தலைப்பில் இருக்கிற கணக்குக்கு வருகிறேன்.

கியோட்டோ ஒப்பந்தம் 1997இல். பணக்கார நாடுகள் 1990இல் விட்ட புகையின் அளவிலிருந்து சராசரியாக 5 வீதம் குறைக்க வேண்டும், 2008 முதல் 2012க்குள். அடிப்படை ஆண்டு 1990. அந்த ஆண்டைப் படித்த எந்த வன்னியானுக்கும் சிரிப்பு வரும். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கினதோடு எங்களுக்குக் கரண்ட் போனது. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரியில் படித்தோம். மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் வருகிறவனுக்கு ரோட்டே தெரியாத வெள்ளைப் புகை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் றேடியோ பாடும். முக்கியமான செய்தியில்தான் சுற்றுகிறவனுக்குக் கை ஓயும்.

கரண்ட் இல்லை, பஸ் இல்லை, ஆலை இல்லை. பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலையும் நின்றுவிட்டது. எல்லாருடைய உறவினரும் கனடா போய்ப் புகை விட, நாங்கள் இங்கே விடவில்லை. விருது ஒன்றும் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கியோட்டோவில் ரஷ்யாவும் உக்ரேனும் 1990 அளவைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று எழுதப்பட்டது. சோவியத் உடைந்து ஆலைகள் மூடினதில் அவர்களுடைய புகை ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஒன்றும் செய்யாமலே கணக்கில் பெரிய மிச்சம் நின்றது, அதை மற்ற நாடுகளுக்கு விற்கவும் வழி இருந்தது. ஒரு இடிபாட்டில் குறைந்த புகை காசானது. இன்னொரு இடிபாட்டில் குறைந்த புகை யாருடைய பேரேட்டிலும் ஏறவில்லை.

2009இல் போர் முடிந்த பிறகு வந்த கரண்ட், மோட்டார் சைக்கிள், வீட்டுக்கு ஒரு பிறிட்ஜ், எல்லாம் 1990ஐ வைத்துப் பார்த்தால் அதிகரிப்பு. பூச்சியத்தில் 5 வீதம் குறைத்தால் என்ன வரும் என்று கணக்கு வாத்தியார் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 15, கொஞ்சம் பிறகு

நல்ல காலம், இலங்கைக்கு 1990ஐ வைக்கவில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2021இல் கொடுத்த உறுதிமொழி வேறு மாதிரி: இப்படியே போனால் 2030 வரைக்கும் எவ்வளவு வருமோ அதிலிருந்து 14.5 வீதம் குறைப்போம். அதில் 4 வீதம் எங்கள் சொந்தச் செலவில், மிச்சம் 10.5 வீதம் வெளியிலிருந்து உதவி வந்தால். ஒத்துழைப்பு என்றால் என்ன என்று கேட்டால் அந்த 10.5தான்.

மார்ச் 16

ஸ்காபரோவிலிருந்து ஒரு அண்ணை கோபமாக எழுதியிருக்கிறார், கனடா எவ்வளவோ செய்கிறது என்று. செய்யட்டும். கியோட்டோவில் 6 வீதம் குறைப்பேன் என்று சொல்லி, புகையைக் கூட்டிவிட்டு, 2011 டிசம்பரில் விலகுகிறோம் என்று அறிவித்த நாடு கனடா. இன்றைக்கும் தலைக்கு வருடத்துக்குச் சுமார் 14 தொன் காபனீரொட்சைட்டு. இலங்கையில் சுமார் 1 தொன். அண்ணை, உங்களைச் சொல்லவில்லை, உங்கள் ஹீற்றரைச் சொல்கிறேன். குளிருக்கு என்ன செய்வீர்கள், அதுவும் விளங்குகிறது.

ஏப்ரல் 3

சிறுபோக (வறண்ட கால நெற்செய்கை) கூட்டத்துக்குப் போய் வந்தேன். எனக்கு முரசுமோட்டைப் பக்கம் கொஞ்ச வயல் உண்டு, வாய்க்காலின் வால் பக்கம்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக: இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும். கீழே சுமார் 21,000 ஏக்கர் இருக்கிறது, சிறுபோகத்துக்கு அவ்வளவுக்கும் தண்ணீர் காணாது. ஆகவே யாருக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்று கமக்காரர் அமைப்புகளோடு சண்டை பிடித்து முடிவெடுப்பார்கள். சத்தம் போடுவார்கள், பழைய கணக்கை எடுப்பார்கள், போன முறை எங்களுக்குத் தரவில்லை என்பார்கள். ஆனால் முடிவு எழுத்தில் வரும். பங்குக்கு மேல் விதைத்தவனுக்குத் தண்ணீர் இல்லை.

பாரிஸ் ஒப்பந்தத்தை இந்தக் கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். அங்கே குளத்தில் எவ்வளவு என்று முதலில் சொல்லிவிட்டு (2 பாகைக்குக் கீழ், முடிந்தால் 1.5), பிறகு "நீங்கள் எத்தனை ஏக்கர் விதைக்கப் போகிறீர்கள், நீங்களே எழுதித் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்ததெல்லாம் கூட்டினால் குளம் காணாது. காணாது என்று ஐ.நா. ஒவ்வொரு வருடமும் அறிக்கை விடுகிறது. அதிகம் விதைத்தவனின் மதகைப் பூட்ட ஆளில்லை.

ஆனாலும் பரந்தன் அண்ணையோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். கூட்டமே இல்லாத வருடங்களையும் பார்த்திருக்கிறோம். அப்போது தலைவாய்க்காலில் இருக்கிறவன் எடுத்தது போக மிச்சம்.

ஏப்ரல் 4

இரணைமடு வாய்க்கால்களைத் திருத்தியது சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் காசில் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். ஓம். அது கடன். இதைத் தனியாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 9

எழுதுகிறேன். 2009இல் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் சொன்னது: ஏழை நாடுகளின் காலநிலை வேலைக்கு 2020க்குள் வருடத்துக்கு 100 பில்லியன் டொலர் ஏற்பாடு செய்வோம். அந்தத் தொகை எட்டியது 2022இல். அரசுகள் கொடுத்ததில் பெரும் பங்கு கடன். 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் புது வாக்கு: 2035க்குள் வருடத்துக்கு 300 பில்லியன்.

மன்னாரில் சுழல்கிற தம்பபவனியை எடுங்கள். 30 காற்றாடி, 103.5 மெகாவாற், மின்சார சபையின் சொந்த ஆலை. ஆசிய அபிவிருத்தி வங்கி 200 மில்லியன் டொலர் கொடுத்தது, கடனாக. நல்ல திட்டந்தான், நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் அவ்வளவு நிலக்கரி எரிவது மிச்சம். ஆனால் நுரைச்சோலை 900 மெகாவாற்றும் சீனக் கடனில் வந்ததுதான். கரிக்கும் கடன், காற்றுக்கும் கடன். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட மாட்டேன் என்று கையை விரித்தபோது எந்தக் கடன் பச்சை, எந்தக் கடன் கறுப்பு என்று யார் பார்த்தார்கள்?

அந்த வருடம் பெற்றோலுக்குக் கியூவில் நின்று, கியூஆர் கோட் காட்டி லீற்றர் கணக்கில் அடித்தோமே, அதுவும் புகைக் குறைப்புத்தான். வன்னிக்கு இரண்டாவது தரம். பழக்கமிருந்தபடியால் எங்களுக்கு அவ்வளவு பதற்றமில்லை. கொழும்பார்தான் பாவம்.

மே 6

யூரியாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்ட தம்பிக்கு. எழுதினால் இரத்த அழுத்தம் கூடும் என்றுதான்.

யூரியா கூடினால் வயலிலிருந்து நைத்திரஸ் ஒக்சைட் போகும், அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்குக்கு மேல் சூடு. வீணாகும் நைதரசனை 2030க்குள் பாதியாக்குவோம் என்று 2019 ஒக்ரோபரில் கொழும்பில் வைத்தே ஒரு சர்வதேசப் பிரகடனம் வந்தது. அது நியாயமான கதை: பாதியாக்கு, வீணாவதைக் குறை, அளந்து போடு. 2021 மேயில் இங்கே நடந்தது வேறு. இரசாயனப் பசளை இறக்குமதியையே ஒரேயடியாக நிறுத்தினார்கள். ஒக்ரோபர் கடைசியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுப் பக்கக் கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய இதைப் பெருமையாகப் பேசினார். நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் காலபோகம் விதைத்து முடிந்துவிட்டது. மஞ்சள் பிடித்த வயலுக்கு நடுவில் நின்ற எங்களுக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். பிறகு 2022இல் இந்தியா 65,000 தொன் யூரியாவுக்குக் கடன் தந்துதான் சிறுபோகம் ஓடியது.

தவணை இல்லை, காசு இல்லை, தடை மட்டும். மார்ச் 11இல் எழுதின மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்தால் இப்படித்தான் முடியும்.

மே 7

"அப்போ சாணி உரம் கூடாதா" என்று தம்பி திரும்பக் கேட்கிறார். இல்லை தம்பி, சாணி உரத்துக்கு நான் எதிரி இல்லை.

யூன் 20

"சீனா எந்த ஒப்பந்தத்தையும் ஏமாற்றும்" என்று ஒருவர். 2018இல் அப்படி ஒன்று பிடிபட்டது. உலகம் நிறுத்திவிட்டதாக நினைத்த சிஎப்சி11 (ஆர்12இன் இனத்துக் காஸ்) காற்றில் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானின் ஹத்தெருமா தீவிலும் காற்றை அளந்து, கிழக்குச் சீனாவின் ஷாண்டொங், ஹெபெய் பக்கமிருந்து வருகிறது என்று அடுத்த வருடமே காட்டினார்கள். நுரைப்பஞ்சு செய்கிறவர்களின் களவு வேலை. சீனா சோதனை போட்டது, அளவு திரும்ப விழுந்தது. ஏமாற்றினார்கள் என்பதும் உண்மை, பிடிபட்டதும் நிறுத்தினார்கள் என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது அரைக் கதை.

யூலை 24

நேற்று ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொல்லியிருக்கிறது. காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, ஒப்பந்தத்தை விட்டு வெளியே நின்றாலும் கடமை போகாது, மீறினால் நட்டஈடு வரைக்கும் போகலாம். இது ஆலோசனைக் கருத்து, கட்டளை அல்ல. ஆனாலும் இதைத் தொடக்கினது பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல், எடுத்து நடத்தினது வனுவாட்டு. அந்த நாட்டுச் சனத்தொகை எங்கள் வடக்கு மாகாணத்தின் மூன்றிலொன்று வராது.

2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்தன. அந்த வெள்ளத்தை யார் தலையில் கட்டுவது என்று நான் சொல்ல மாட்டேன், கதவு, மழை, வாய்க்கால் என்று ஊரில் இன்னமும் அடிபடுகிறார்கள். ஆனால் இழப்புக்கும் சேதத்துக்கும் என்று ஒரு நிதியை 2022இல் ஷாம் எல்ஷேக்கில் ஒத்துக்கொண்டு அடுத்த வருடம் துபாயில் தொடக்கினார்களே, அதில் முதல் கேள்வி இப்படித்தான் வரும்: இதில் எவ்வளவு மழையால், எவ்வளவு உங்கள் கதவால்? இதற்குப் பதில் வைத்திருக்கிற நாட்டுக்குத்தான் காசு கெதியாக வரும். மழைமானிக் கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கிற கந்தோர்க்காரர்களைக் கேலி செய்வதை இன்றோடு நிறுத்துகிறேன்.

ஓகஸ்ட் 10

மன்னார்த் தீவில் புதுக் காற்றாலைகளுக்கு எதிராகச் சனம் தெருவில் நிற்கிறது. பளைப் பக்கம் காற்றாடிகளைப் பார்த்துப் பழகின எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. பிறகு அங்கே ஒரு ஏசி வேலைக்குப் போனபோது வீட்டுக்காரர் மழைத் தண்ணீர் நின்ற அடையாளத்தைச் சுவரில் காட்டினார், முழங்கால் உயரம். தீவு பதிந்த நிலம், ரோட்டுப் போட்டுத் தண்ணீர் ஓடும் வழியை அடைத்தால் வீடுகளுக்குள்தான் வரும் என்றார். பறவைகள் வேறு. மத்திய ஆசியாவிலிருந்து வருகிற பறவைகளின் வழி அது, பக்கத்தில் வங்காலை, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் ஒப்பந்தத்தில் பதிந்த சரணாலயம். ஒரு சர்வதேச ஒப்பந்தம் காற்றாடி நடு என்கிறது, இன்னொன்று பறவையைக் காப்பாற்று என்கிறது.

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருநிலத்தில் இடம் இருக்கிறது. எங்கே நடுவது என்று அந்த ஊர்ச் சனத்தைக் கேட்காமல் கொழும்பில் முடிவெடுத்துவிட்டு, மறிக்கிறவனைப் பார்த்துப் பச்சைக்கு எதிரி என்பது சரியில்லை.

ஓகஸ்ட் 13

ஐரோப்பாக்காரர் 2026 ஜனவரியிலிருந்து இரும்பு, சீமெந்து, அலுமினியம், பசளை போன்ற இறக்குமதிக்குக் காபன் கட்டணம் அறவிடப் போகிறார்கள். "நீங்கள் கேட்ட பூட்டு இதோ" என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். பூட்டுத்தான். ஆனால் அந்தக் கட்டணம் அவர்களுடைய திறைசேரிக்குப் போகிறது. மொன்றியலில் பூட்டோடு காசுப் பெட்டியும் வந்தது.

ஓகஸ்ட் 29

அறுவடை முடிந்தது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் மெதேன் குறையும், அதற்குக் காபன் காசு வருமாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முறை தெரிந்ததுதான். துளை போட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே மண்ணை எடுத்துவிட்டு எட்டிப் பார்ப்பது. தண்ணீர் மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் போனதும் திரும்பக் கட்டுவது. பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. பயிர் வாடாது.

காசைக் கணக்குப் பார்ப்போம். ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவின் (ஐபிசிசி) வழிகாட்டியில், தண்ணீர் நிற்கிற தென்னாசிய வயலுக்கு ஒரு நாளைக்கு எக்டேருக்கு 0.85 கிலோ மெதேன். 110 நாள் பயிரென்றால் 94 கிலோ, ஏக்கருக்கு 38. பல தடவை காயவிட்டால் 45 வீதம் குறையும் என்று வைப்போம், 17 கிலோ. மெதேன் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு சூடு என்று அதை 28ஆல் பெருக்கினால் சுமார் அரைத் தொன் காபனீரொட்சைட்டு. தொன்னுக்கு 10 டொலர் கிடைத்தால் ஏக்கருக்கு 5 டொலர், எங்கள் காசில் ஆயிரத்து ஐந்நூறு. அதிலும் அளக்க வருகிறவனுக்கும் சரிபார்க்க வருகிறவனுக்கும் இடையில் நிற்கிறவனுக்கும் போக வேண்டும். தண்ணீர் இறங்கினால் நெற்சப்பியும் கோரையும் தலையைத் தூக்கும், அதற்கு அடிக்கிற மருந்து அந்தக் காசைவிடக் கூட.

இன்னொன்று. சொந்தப் பம்ப் வைத்திருக்கிறவன் துணிந்து காயவிடலாம், வேண்டிய நேரம் மோட்டாரைப் போடுவான். வால் பக்கத்தில் இருக்கிற நான் காயவிட்டால், அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வருமா? வராது என்று தெரிந்தபடியால்தான் கிடைக்கிற நேரம் வரம்பு முட்டக் கட்டி வைக்கிறேன். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். மெதேனுக்குக் காரணம் எங்கள் அறியாமை இல்லை, நம்பிக்கையில்லாத வாய்க்கால்.

ஆகவே யாராவது திட்டம் என்று வந்தால் காபன் காசு வேண்டாம், துருசுக் கதவையும் (மதகு) வால் வாய்க்காலையும் திருத்தித் தாருங்கள், கடனாக இல்லாமல் என்று கேட்கலாம். முறை தவறாமல் தண்ணீர் வந்தால் குழாயை நானே வாங்கிப் புதைப்பேன். எங்கள் அமைப்பின் செயலாளரிடம் சொன்னேன், கடிதமாக எழுதித் தரச் சொன்னார். தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதிப் பழக்கமுள்ள யாராவது கைகொடுத்தால் நல்லது.